ஏழு நாள் பாஸும் குடைக்காரம்மாவும்

11 ஆகஸ்ட் 1980, திங்கள்

வெயில். பத்து மணிக்கே மண்டை கொதிக்கிறது. கோப்பெங் பஸ்ஸில் நிற்க இடமில்லை, நோன்புப் பெருநாளுக்கு ஊர் போகிற கூட்டம். யாருடையதோ ஒரு கூடை வழி முழுக்க என் கால் மேல். எடுங்கள் என்றதற்கு முறைப்பு வேறு.

மூன்று வருஷத்தில் முதல் லீவு. ஏழு நாள். பதினோரு பிள்ளைகள், விடியற்காலை நாலரைக்கு அம்மாக்காரிகள் ரப்பர் பால்மரம் வெட்டப் போகும்போது என் கையில் போட்டுவிட்டுப் போகிற பதினோரு பிள்ளைகளும், இந்த வாரம் முனியம்மா பாடு. பிள்ளைக் கொட்டகைச் சாவியைக் கொடுத்தபோது திருதிருவென்று விழித்தாள். நன்றாக விழிக்கட்டும்.

ஈப்போ பஸ் ஸ்டேஷனில் பாஸ் வாங்கியாச்சு. மஞ்சள் அட்டை, ஏழு கட்டம். நாளுக்கு ஒரு கட்டம் கண்டக்டர் துளை போடுவார். பச்சை பஸ் எதில் வேண்டுமானாலும் ஏறலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். சுடுதண்ணிக் குளத்துக்குப் பாதி டிக்கெட். பின்பக்கம் பார்க்க வேண்டிய இடங்கள், படத்தோடு.

கவுண்டரில் இருந்தவன்: "டூரிஸ்டா?"

"கோப்பெங்."

சிரிக்கிறான். ஏன், கோப்பெங்கில் இருக்கிறவளுக்குக் கண் கிடையாதா?

இருபத்தெட்டு வயசு. பன்னிரண்டு மைலில் ஈப்போ. இதுவரை பார்த்தது: பெரிய ஆஸ்பத்திரி (அம்மா செத்தபோது), அடையாள கார்டு ஆபீஸ் (நடேசனோடு, மூன்று தடவை), ஒரு நகைக்கடை. அவ்வளவுதான். அதனால்தான் பாஸ். யாருக்கும் எதுவும் தூக்காமல், யார் மூக்கையும் துடைக்காமல் ஏழு நாள் ஊர் சுற்ற வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

தங்கல் குனோங் ராபாட், அத்தை வீடு. அப்பாவின் அக்கா. மாமா லோரியோடு கிளந்தான் போயிருக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே சுண்ணாம்புக் குன்று, ஜன்னலைத் திறந்தால் பாறை. அத்தை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க போனாலும் எங்கிட்ட சொல்லிட்டுப் போ புள்ள. எந்த எடம், எத்தன மணி பஸ்ஸு. இது தோட்டம் மாதிரி இல்ல லா."

"சரி அத்தை."

"இந்தப் பாவாட சட்டையெல்லாம் வேணாம். அந்த ஊதா சேல எடுத்தாந்தியா? அதக் கட்டு."

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக ஊதாச் சேலை. சரி, அவள் வீட்டுச் சோறு. வாயை மூடிக்கொண்டேன்.

12, செவ்வாய்

காலையில் மூடல், பிறகு வெயில்.

குகைக் கோயில். நடந்தே போகலாம், பாஸ் இருக்கிறதே என்று பஸ். "ஒன்பதரை பஸ்ஸுல போ, அதுக்கு முன்னாடி போகாத, கூட்டம்" என்றாள் அத்தை. ஒன்பதரை பஸ்ஸில்தான் கூட்டம்.

கண்டக்டர் நம்மவள். பெயர் அஞ்சலை. நீலச் சட்டை, தோளில் காசுப் பை, வெற்றிலை. பாஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத வெள்ளக்காரந்தான் வாங்குவான்னு நெனச்சேன். ஒனக்கு என்னாத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே துளை போட்டாள்.

பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து இருக்கும். பெரிய கறுப்புக் குடை, ஆம்பிளைக் குடை. மடியிலிருந்து மருந்து போத்தலை எடுத்து, "கண்ணு தெரியல தங்கச்சி. இதுல எத்தன வேளன்னு போட்டிருக்கு?" என்றார்.

எழுத்து எறும்பு மாதிரி. படித்துச் சொன்னேன். மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. நல்லா இரும்மா என்றார். என்னோடேயே இறங்கினார்.

கோயில் உள்ளே சில்லென்று இருந்தது. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பின்னால் குளம், குளம் நிறைய ஆமை. கீரைக்கட்டு விற்கிறார்கள், ஆமைக்குப் போட. ஒரு கட்டு வாங்கினேன். ஒரே ஆமை எல்லாவற்றையும் தின்றது, மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு. கொட்டகையில் இதே மாதிரி ஒருவன் உண்டு.

கு. அம்மா (குடைக்காரம்மா) குளத்துக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையாட்டினேன். பாவம், தனியாக வந்திருப்பார் போல.

13, புதன்

மியூசியம் பூட்டு. பெருநாள் லீவு. பாஸில் "தினமும்" என்று போட்டிருக்கிறதே! காவலாளியிடம் காட்டினேன். "சூத்தி லா" என்றான், லீவாம். எனக்குத் தெரியாதா லீவு? ஏழில் ஒரு கட்டம் துளை போட்டாச்சு, அதை யார் திருப்பித் தருவார்?

வழியில் அவசரத்தில் சிவப்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாஸ் செல்லாது, இறங்கு என்று நடுரோட்டில் இறக்கிவிட்டான். சேலை கட்டிக்கொண்டு அரை மைல் நடை. அத்தைக்கு மனதுக்குள் அர்ச்சனை.

மத்தியானம் ஊருக்கு வடக்கே இன்னொரு குகைக் கோயில். சுவரெல்லாம் சீனச் சித்திரம். உள்ளேயிருந்து மேலே ஏறப் படி, குன்றின் உச்சி வரை. அங்கே வாசலில் யார்? கு. அம்மா.

"அட, நீயா தங்கச்சி! மேல என்னா இருக்குன்னு தெரியலியே. என்னால ஏற முடியாது. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்றியா?"

எனக்கும் ஆசைதான். ஏறினேன். படி முடியவே இல்லை. நடுவில் இருட்டு, வௌவால் நாற்றம். உச்சியில் காற்று. ஈயம் தோண்டின குட்டை எல்லாம் தெரிந்தது, தகரக் கூரை, ரயில் பாதை, தூரத்தில் எங்கள் பக்கத்து மலை. பத்து நிமிஷம் அங்கேயே நின்றேன். ஒருவரும் என்னை "ஆயா" என்று கூப்பிடவில்லை.

இறங்கியதும் கு. அம்மா என் நெஞ்சுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார், "களைப்பா இருக்கா?" இல்லை என்றேன். எல்லாம் சொன்னேன், குட்டை, கூரை, ரயில். அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

இரவு: ரொட்டி, சார்டின். அத்தை தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், கேட்காமலே. இவ்வளவு பாசம் எப்போதிலிருந்து?

14, வியாழன்

மழை தூறல். தம்புன் சுடுதண்ணிக் குளம். அத்தை சொன்ன பஸ், அத்தை சொன்ன நேரம், அத்தை சொன்ன சேலை (இன்றைக்குப் பச்சை). எனக்கு எரிச்சல். என் பாஸா, அவள் பாஸா?

பாதி டிக்கெட் உண்மைதான். குளத்தில் ஆவி. கந்தக வாடை. ஓரமாக உட்கார்ந்து காலை மட்டும் விடலாம்.

கு. அம்மா அங்கேயும். நான் சிரித்துவிட்டேன். "நீங்களும் பாஸ் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் ஆமாம் என்றார். "செருப்பக் கழட்டிட்டுக் கால வுடும்மா, வலியெல்லாம் போயிரும்."

பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மழைக்கு அவர் குடையை என் பக்கம் பிடித்தார். கல்யாணம் ஆயிருச்சா என்றார். இல்லை. ஏம்மா? குரலில் குத்தல் இல்லை.

சொல்லிவிட்டேன்.

யாரிடமும் சொல்லாததை. நடேசனுக்கும் எனக்கும் பரிசம் போட்டது. அவனுக்குச் சிவப்பு கார்டு. பிரஜை இல்லாதவன் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று வந்தது, அலைந்தோம், கிடைக்கவில்லை. பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான், பத்து வருஷமாகிறது. போய்க் கூப்பிடுகிறேன் என்றான். கடுதாசி வந்துகொண்டிருந்தது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது: நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த கடைசிக் கடுதாசி. மாமன் மகளைக் கட்டிக்கொண்டான். ஆண் பிள்ளை. என்னை மறந்துவிடு.

அடுப்பில் போட்டேன். அழுதேன், மூன்று நாள். நாலாவது நாள் ஒன்று புரிந்தது. சொன்னால் மறுநாளே பெண் பார்க்க வந்துவிடுவார்கள். சொல்லாதவரை "பாக்கியம் காத்துக்கிட்டு இருக்கா, பாவம்" என்று வாயை மூடிக்கொண்டு போவார்கள். அப்பாவும் வருகிறவர்களிடம் அதையேதான் சொல்லி அனுப்புகிறார். அப்பாவுக்கும் தெரியாது. தபால்காரன் வந்தால் இன்றைக்கும் வாசலுக்குப் போய் நிற்கிறேன், அவர் பார்க்கட்டும் என்று.

எல்லாம் சொன்னேன். ஈப்போவில் என்னை யாருக்குத் தெரியும்? கு. அம்மா என் தலையில் கை வைத்து, "அப்ப ஒனக்கு இப்ப யாரும் இல்ல" என்றார்.

"இல்லம்மா."

"பாவம் புள்ள."

திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தேன். ஊர் பார்ப்பது நல்லதுதான்.

15, வெள்ளி

வெயிலாவது மழையாவது.

காலை ரயில் ஸ்டேஷன் பார்க்கப் போனேன். அத்தை சொன்ன பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில், வேண்டுமென்றே. அஞ்சலை அக்கா துளை போட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஒங்க மாமியாரு வரலியா இன்னிக்கி?"

"எந்த மாமியார்?"

"அதான் லா, கொட வச்சிருக்குற அம்மா. மகனும் கூட வாராரே, பின் சீட்டுல. நீ எறங்குனதும் அவங்களும் எறங்குறாங்க, அவரு கொஞ்சம் தள்ளி நடந்து வாராரு. மாமியாக்காரி மருமவளுக்கு ஊரு காட்டுறாங்க, நல்ல குடும்பம்னுல்ல நெனச்சேன்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கினேன். ஸ்டேஷனைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வரும் பஸ் பிடித்தேன்.

அத்தை வீட்டுக் கேட்டில் கறுப்புக் குடை தொங்குகிறது.

செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குரல். பதுங்கி நின்று கேட்கவில்லை. உரக்கத்தான் பேசினார்கள், சந்தையில் பேசுகிற மாதிரி.

"கண்ணு நல்ல கண்ணு, பொடி எழுத்தெல்லாம் படிக்குது. அம்புட்டுப் படியும் ஏறி எறங்குச்சு, மூச்சு வாங்கல. நெஞ்சுல சளி கிளி இல்ல. காலும் பாத்துட்டேன், ரெண்டாவது வெரலு கட்ட வெரலத் தாண்டல. புருசன மிஞ்சாது."

அத்தை சிரிக்கிறாள். "நாந்தான் சொன்னேனே."

"அந்தப் பயலுக்காகக் காத்திருக்குன்னீங்களே, அதுதான் ஒறுத்திச்சு. அவன் கட்டிக்கிட்டானாம். அதுவே எங்கிட்ட சொல்லிருச்சு."

போய் நின்றேன். இரண்டு பேர் கையிலும் காப்பி. என் வாயிலிருந்து வந்தது: "நான் என்ன மாடா? பல்லப் புடிச்சுப் பாக்கலியே, அத ஏன் விட்டீங்க?"

கு. அம்மா எழுந்துவிட்டார். அவர் பெயர் காமாட்சியாம். மகன் மாணிக்கம், கல் குவாரியில் லோரி ஓட்டுகிறான், முப்பத்துநாலு வயசு, குடி இல்லை. இதையெல்லாம் அத்தை மூச்சுவிடாமல் சொல்கிறாள், நான் கத்திக்கொண்டிருக்கும்போதே.

"கத்தாத. பக்கத்து வூட்டு சீனன் எட்டிப் பாக்குறான்."

"பாக்கட்டும்! எல்லாரும்தான் பாத்தாச்சே!"

"வூட்டுக்கு வந்து பாத்தா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. கோயில்ல வச்சுத் தெரியாம பாக்குறது எல்லாரும் செய்யுறதுதானே. நாங்கூட அப்படித்தான் பாக்கப்பட்டேன். நான் என்னா செத்தா போயிட்டேன்?"

கோயிலில் ஒரு தடவை பார்ப்பார்கள், தெரியும். இது மூன்று நாள். ஊர் முழுக்க. என் பாஸை வைத்து. அத்தை நேரம் சொல்லி அனுப்ப, அவர்கள் காத்திருக்க. மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து குட்டை தெரிந்தது, கூரை தெரிந்தது என்று ஒப்பித்தேனே. இவர் என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அது கூடப் போகட்டும். குளத்தங்கரையில் சொன்னதை? அதற்கும் இந்த அம்மாள் குடை பிடித்தாளே!

மத்தியானத்துக்குள் அத்தை தோட்டத்து ஆபீஸுக்குப் போன் போட்டாச்சு. அங்கே கணக்கெழுதுகிற கிராணி, அப்பாவைக் கூப்பிட்டு ரிசீவரைக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆடி முடிந்து ஆவணி பிறக்கிறது, வளர்பிறை, பூ வைத்துவிடலாம். அப்பா வருகிறாராம்.

"நடேசன் விசயமும் சொன்னியா?"

"சொல்லாம?"

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வாரேன்னாரு."

நாலு வருஷம் நான் ஒளித்து வைத்ததை ஒரு போனில் உடைத்துவிட்டாள். கிராணியும் கேட்டிருப்பார். கிராணி கேட்டால் தோட்டமே கேட்ட மாதிரி. சோறு சாப்பிடவில்லை. பிறகு பசித்தது, சாப்பிட்டேன், அதுவும் கோபம்.

16, சனி

மழை இல்லை. புழுக்கம்.

ஓடிவிடலாம் என்று பெட்டி கட்டினேன். பிறகு பிரித்தேன். நான் ஓடினால் நாளைக்கு அப்பா தனியாக மாட்டுவார். அத்தை அவரை உட்காரவைத்து ஒரே மூச்சில் சரி வாங்கிவிடுவாள். அக்கா பேச்சைத் தட்டத் தெரியாத மனுஷன்.

பாஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று சொல்லவில்லை. அத்தை கேட்டில் நின்று கத்தினாள். பாவாடை சட்டைதான்.

எந்த இடமும் பார்க்கவில்லை. ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி வரை. திரும்பி. இன்னொன்றில் கடைசி வரை. தாசேக், மேடான், பசார், ஆற்றங்கரை, திரும்பப் பசார். அஞ்சலை அக்கா இரண்டாவது தடவை பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு பாக்கெட் கச்சான் கடலை கொடுத்தாள். மெல்லும்போதே அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

பஸ் ஸ்டேஷன் தேத்தண்ணிக் கடையில் ஒருவன் எதிரே வந்து நின்றான். வெளுத்த சட்டை, கை முழுக்கக் கல் கீறின தழும்பு.

"மாணிக்கம்" என்றான். "காலயிலேருந்து தேடுறேன்."

"இன்னைக்கு என்ன பாக்கணும்? காதா? திருப்பிக் காட்டவா?"

பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அவன் காது சிவந்துவிட்டது.

"ஒங்களுக்குத் தெரியும்னு அம்மா சொன்னாங்க. தெரிஞ்சுதான் வாரீங்கன்னு. வெக்கத்துல தெரியாத மாதிரி இருக்கீங்கன்னு. சாமி சத்தியமா. நேத்து அம்மா வந்து சொன்னப்பதான் எனக்கு..."

"மூணு நாள் பின்னாடி வந்தீங்களே. வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கணும்" என்றான். "தப்புதான்."

அவனும் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. எனக்கு இன்னும் எரிந்தது. கெட்டவன் இல்லை. பார்த்தாலே தெரிகிறது. கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா?

"நான் வேணாம்னு சொல்லிர்றேன். அதோட முடிஞ்சிரும்."

"நீங்க சொன்னா மாப்பிள்ள வீட்டுல வேணாம்னுட்டாங்கன்னு ஆகும். என்ன கொறயோன்னு ஊரே பேசும். ஆம்பள வீடு வந்து பாக்கும், ஆம்பள வீடு சரின்னும், ஆம்பள வீடு வேணாம்னும். நான் எங்க?"

"அப்ப என்னா செய்யணும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நான் சொல்றேன். நான் சொல்லும்போது வாயத் தொறக்காம இருந்தா போதும்."

தலையாட்டினான். போகும்போது நின்று, "எனக்குப் புடிச்சிருந்துச்சு. அது மட்டும் சொல்லிக்கிறேன்" என்றான்.

கல்யாணமே வேண்டாமா எனக்கு? தெரியாது. யாராவது கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது கேட்டாலும் இவர்கள் கேட்டு நான் சொல்லப்போவதில்லை.

17, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை.

அத்தை வீட்டைக் கழுவினாள், சுண்டல் அவித்தாள், ஊதாச் சேலையை மடித்து என் பாய் மேல் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. பாவாடை சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மாமா கிளந்தானிலிருந்து வந்துவிட்டார், ஒன்றும் புரியாமல் பேப்பர் படித்தார்.

பத்து மணிக்கு அப்பா. நனைந்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என்னைப் பார்த்து, "ஊரு நல்லாருந்துச்சாம்மா?" என்றார். வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பதினொன்றுக்கு அவர்கள். ஐந்து பேர், மூன்று தட்டு. பூ, பழம், வெற்றிலை. காமாட்சியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் நடக்காத மாதிரி. குடையைக் கேட்டில் மாட்டினார், அதே இடத்தில்.

அத்தை காப்பித் தட்டை என் கையில் கொடுக்க வந்தாள். வாங்கவில்லை. அவள் கையிலேயே இருந்தது. நடுக்கூடத்தில் போய் நின்றேன்.

"எனக்கு வேணாம். அவரு மேல கொற ஒண்ணும் இல்ல. எனக்கு வேணாம்."

மாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்ன மாதிரியே வாயைத் திறக்கவில்லை.

காமாட்சியம்மா: "ஏம்மா, எங்கிட்ட எவ்ளோ மனசு விட்டுப் பேசுன!"

"ஒங்ககிட்ட பேசல. பஸ்ஸுல வந்த ஒரு அம்மாகிட்ட பேசுனேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் நினைத்தது போல எனக்கு இனிக்கவில்லை. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

அத்தைதான் வெடித்தாள். காப்பி எல்லாம் தட்டில் கொட்டியது. "யாருக்காகடி? யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்க? அவந்தான் அங்க கட்டிக்கிட்டுப் புள்ளயும் பெத்துட்டானே! அப்பனையே ஏமாத்துனவதானே நீ! சொல்லு தம்பி, நீயாச்சும் சொல்லு! நாலு வருசமா ஒன்ன முட்டாளாக்கி வச்சிருக்கா!"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

அப்பா எழுந்தார். வேட்டியைச் சரி செய்தார். அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க. புள்ள வேணாங்குது" என்றார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார். அக்கா கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை பார்க்கிறேன்.

கோப்பெங் பஸ் வர அரை மணி. ஸ்டாப் கூரை ஒழுகியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன். மன்னிச்சிருங்கப்பா, அந்த விஷயத்தை உங்களிடம் மறைத்தது தப்பு, போனில் கேட்கும்போது எப்படி இருந்திருக்கும் உங்களுக்கு.

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே: "போன்ல கேட்டுத்தான் தெரியணுமா எனக்கு?"

"என்னப்பா?"

"அவன் சித்தப்பன் காம்பார் மார்க்கெட்டுல சொன்னான். நாலு வருசம் ஆச்சு. ஒனக்குக் கடுதாசி வந்த மாசமே."

நாலு வருஷம்! "தெரிஞ்சுமா வாரவங்ககிட்ட எல்லாம் எம்புள்ள காத்துக்கிட்டு இருக்குன்னு சொன்னீங்க?"

"நீ அப்படித்தானே இருந்த. தபால்காரன் வந்தா வாசலுக்குப் போற. சரி, ஒனக்கு அதுதான் வேணும்போலன்னு நெனச்சேன். அக்கா போன் பண்ணி, நீயே வாயத் தொறந்து ஒரு ஆள்கிட்ட சொல்லிட்டன்னு சொன்னுச்சு. மனசு ஆறிருச்சு, கல்யாணத்துக்கு ஒத்துக்கிட்டன்னு வந்தேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"நீ சொல்லியிருக்கலாமே."

முன் சீட்டு மலாய்க்காரம்மா திரும்பிப் பார்த்தார். நான் கத்திவிட்டேன் போல. நாலு வருஷமாக அவர் பார்க்கட்டும் என்று வாசலில் நின்றேன், வெயிலில், வராத கடுதாசிக்கு. அவர் உள்ளே உட்கார்ந்து, தெரியாத மாதிரி சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில். ஒரே அடுப்பில் பொங்கித் தின்றுகொண்டு. அத்தை மேல் இருந்த கோபத்தைவிட இது பெரிய கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இறங்கியதும் பெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே தூக்கிக்கொண்டு நடந்தேன், தோட்டத்து ரோட்டில் இரண்டு மைல், பின்னால் அவர்.

18, திங்கள்

பனி. நாலரைக்குக் கொட்டகை. பிள்ளைகளில் இரண்டு பேருக்குச் சளி, முனியம்மா கவனிக்கவே இல்லை. தொட்டில் கயிறு ஒன்று அறுந்திருக்கிறது. பால் பவுடர் டின் திறந்து கிடந்து எறும்பு. அவளுக்குக் கொடுத்தேன் நன்றாக.

குனோங் ராபாட் பக்கமே இனி போவதில்லை. பேச ஆள் வேண்டுமென்றால் சுவரோடு பேசிக்கொள்கிறேன்.

காலை, மத்தியானம், அப்பாவோடு பேச்சில்லை. கருவாடு, ரசம். தட்டை டொக்கென்று வைத்தேன். சாப்பிட்டார்.

சாயங்காலம் கிராணியம்மா வந்திருக்கிறாள், கிராணியின் பெண்சாதி. கேட்க வேறு யார் வருவார்கள்? நான் உள்ளே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகைச் சுவர், எல்லாம் கேட்கிறது.

"ஈப்போவுல பூ வச்சாச்சாமே பாக்கியத்துக்கு?"

"இல்ல."

"ஏன், அந்தப் பையன்தான் அங்க கட்டிக்கிட்டானாமே. இன்னும் அவனுக்காகவா காத்துக்கிட்டு இருக்கு?"

பேனாவை நிறுத்தினேன்.

அப்பா: "இல்ல. யாருக்காகவும் இல்ல. கல்யாணம் வேணாங்குது."

"வேணாம்னா? ஏனாம்?"

"வேணாங்குது லா. ஏன்னு நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க."

கிராணியம்மா போகவில்லை. இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். அப்பாவும் நிற்கிறார்.